ஆஸ்பத்திரிப் பின்வளவில் வேர்ப்பூஞ்சணம்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, எந்தப் பைக்கற் நல்லது என்பதுதான். தோட்டச் சாமான் கடைகளில் இப்போது வேர்ப்பூஞ்சணம் தூளாக விற்கிறது. ரோசாவுக்கு ஒன்று, தக்காளிக்கு ஒன்று, மரக்கன்றுக்கு ஒன்று. கோயிலில் காண்பவர்கள் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் கறிவேப்பிலையைச் சாடியில் வைத்து வளர்க்கும் ஒருவர், பைக்கற்றைக் கையிலேயே கொண்டுவந்து காட்டிக் கேட்டார். நான் வேலை செய்த அறக்கட்டளையில் இப்போது இருக்கும் இளையவர்கள் கேட்பது வேறு. "உங்கள் அனுபவத்தில் நன்றாக வந்த ஒரு நிலத்தைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்கிறார்கள். வாசிப்பவர்களுக்கு நம்பிக்கை பிறக்க வேண்டுமாம்.

நன்றாக வந்த நிலம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவர்கள் கேட்டது இதுவாக இருக்காது. அதனால்தான் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாத தமிழில் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்குப் போய், அகதி விண்ணப்பம் முடிவாகும் முன்பே, காடு வளர்ப்பதற்கு நாற்றுப் போடும் பண்ணை ஒன்றில் சேர்ந்தேன். குனிந்து செய்யும் வேலை. மொழி தேவையில்லை. அங்கே ஒரு மேடையின் மண்ணை, களையும் பூச்சியும் சாகட்டும் என்று நஞ்சுப் புகை போட்டுச் சுத்தம் செய்திருந்தார்கள். அந்த மேடையில் பைன் நாற்றுகள் விரல் உயரத்தில் ஊதா நிறமாகி அப்படியே நின்றுவிட்டன. பக்கத்து மேடையில் களைகளோடு கலந்து அதே வயது நாற்றுகள் பச்சையாக வளர்ந்து நின்றன. பிடுங்கிப் பார்த்தால் நன்றாக வளர்ந்தவற்றின் வேர்நுனிகள் தடித்து, கவர்விட்டு, வெள்ளையாக இருந்தன. நோய் பிடித்துவிட்டது என்று நினைத்து அவற்றை நான் ஒதுக்கி வைக்க, மேற்பார்வையாளர் திருப்பி எடுத்து நல்ல நாற்றுக் கட்டோடு சேர்த்தார். அந்த வெள்ளைதான் அவற்றின் உயிர் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மண்ணுக்குள் இருக்கும் சில பூஞ்சணங்கள் வேரோடு ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. வேர் போகமுடியாத இடுக்குகளுக்குள் அவற்றின் இழைகள் போகும். தண்ணீரும் உப்புகளும் தேடிக் கொண்டுவந்து மரத்துக்குக் கொடுக்கும். மரம் தான் இலையில் செய்த சீனியில் ஒரு பங்கை அவற்றுக்குக் கொடுக்கும். புல்லுக்கும் குளோவர் என்ற தீவனப் பூண்டுக்கும் ஒரு வகைப் பூஞ்சணம், பேர்ச் மரத்துக்கும் ஓக் மரத்துக்கும் இன்னொரு வகை. இவை இருக்கிற மண் கையில் பொலபொலவென்று உதிரும். இல்லாத மண் சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். நான் இத்தனை வருடம் செய்த வேலை இவ்வளவுதான்: இல்லாத இடத்தில் இவை திரும்ப வருவதற்கு வழி விடுவது.

கணவரின் சகோதரர்கள் லண்டனில் இருந்ததால் நாங்களும் வந்தோம். முதலில் ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு, விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போனேன். பிறகு, கட்டடம் இடித்த நிலங்களிலும் குப்பை கொட்டிய நிலங்களிலும் மண்ணை மீட்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் ஆள் தேவை என்று அறிந்து போனேன். நேர்முகத்தில் ஒரு பெண் மேசையில் பைன் வேர் ஒன்றை வைத்து, அதன் வெள்ளை நுனியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். எனக்கு ஜேர்மன் பெயர்தான் தெரியும். அதையே சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவர்தான் மொய்ரா. ஸ்கொட்லாந்துக்காரி. கடைசிவரை எனக்கு மேலதிகாரி அவர்தான்.

மொய்ராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என்னை எல்லாரும் ஜெக் என்று கூப்பிட்டார்கள். அவர் மட்டும் முதல் நாளிலிருந்தே ஜெகதீஸ்வரி என்று முழுப் பெயரையும் சொன்னார். தப்பாகத்தான் சொன்னார், ஆனால் முழுதாகச் சொன்னார். யாரையும் பாராட்டமாட்டார். வேலை சரியாக இருந்தால் அடுத்த வேலையைச் சொல்வார். பிழையாக இருந்தால் தானே இறங்கித் திருப்பிச் செய்வார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஏச்சு வாங்குவதைவிடக் கஷ்டம்.

எந்த நிலத்துக்குப் போனாலும் முதலில் ஒரு குழி வெட்டுவார். முழங்கை ஆழத்துக்கு, பக்கங்கள் செங்குத்தாக, சாப்பாட்டு மேசைக் கத்தி ஒன்றால் சுவரைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பார். ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே பிடிப்பார். காற்றுப் புகாத மண் கூழ்முட்டை மாதிரி நாறும். பிறகு குழிக்குள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து விடுவார். தண்ணீர் வடியும்வரை பேச்சில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் நேரத்தைப் பார்த்துப் பார்த்து நிற்பார்கள். எந்த மரம் வைக்கலாம், எப்போது முடியும் என்று கேட்பார்கள். அவர் குழியைக் காட்டி, அது இன்னும் பதில் சொல்லவில்லை என்பார். தண்ணீர் வடியவே இல்லை என்றால் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, இங்கே மரம் வைக்க எங்களால் முடியாது, முதலில் நிலத்தைத் தளர்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்படுவார். இதனால் பல வேலைகள் எங்கள் கையை விட்டுப் போயின. தூளைத் தூவி, படம் எடுத்து, அந்த வருடமே முடித்துக் கொடுக்கும் ஆட்களுக்கு அவை போயின.

ஆஸ்பத்திரி நிலத்திலும் இப்படித்தான் தொடங்கினோம். அது கிழக்கு லண்டனில் இருக்கிறது; பெயர் வேண்டாம். பின்வளவில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, கல்லையும் களிமண்ணையும் சேர்த்து மிதித்து மட்டமாக்கி விட்டிருந்தார்கள். மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் வெடிப்பு. அதற்குப் பக்கத்தில் மனநோயாளிகளுக்கான பகல்நேரப் பிரிவு இருந்தது. அங்கே வருபவர்கள் வெளியில் நின்று ஏதாவது செய்ய ஒரு சிறிய காடு வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டார்கள். மொய்ரா ஊற்றிய வாளித் தண்ணீர் நாங்கள் மாலை வீட்டுக்குப் போகும்போதும் குழிக்குள் அப்படியே நின்றது. அவர் வழக்கம்போல முடியாது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பகல்நேரப் பிரிவின் யன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் சிலர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் எடுக்கும், அவசரப்படுத்தக்கூடாது என்று மட்டும் ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் சொன்னார். இந்த நிலத்துக்கு வேறு திட்டம் எதுவும் இல்லை என்றார் நிர்வாகி.

முதல் வருடம் மரமே வைக்கவில்லை. நிலத்தைத் தளர்த்தினோம். கல்லைப் பொறுக்கினோம். மரச் சிராய்களைப் பரப்பினோம். புல்லும் குளோவரும் விதைத்தோம். யாரோ அன்பளிப்பாகக் கொண்டுவந்த பொசுபேற்று உர மூட்டைகளை மொய்ரா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். உரம் கையருகே கிடந்தால் செடிக்குப் பூஞ்சணம் தேவையில்லை, அதற்குச் சீனி கொடுப்பதை நிறுத்திவிடும். கோடை முடிந்தபோது குளோவர் வேரைப் பிடுங்கிக் கழுவி, நிலத்தோரம் போட்டிருந்த கொட்டிலில் சோடாக் காரம் கரைத்த தண்ணீரில் வேகவைத்து நிறம் நீக்கி, வினாகிரியில் நீல மை கலந்து அதில் ஊறவைத்தோம். பேனாவுக்கு ஊற்றுகிற சாதாரண மைதான். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் வேரின் உயிர்க்கலங்கள் பலவற்றுக்குள் நீலத்தில் குட்டி மரம் மாதிரி ஒன்று கிளைவிட்டு நின்றது. மொய்ரா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, சரி, அடுத்த வேலை என்றார்.

அடுத்த வேலை பேர்ச் கன்றுகள். பழைய காடு ஒன்றில் அனுமதி வாங்கி, முதிர்ந்த பேர்ச் மரங்களின் கீழே சருகை விலக்கி, ஒரு விரல் ஆழத்துக்கு மட்டும் மண் எடுத்தோம். ஒரே மரத்திடம் எடுக்கக்கூடாது. செருப்பு வார் மாதிரிக் கறுப்பு இழை ஓடுகிற இடத்தில் தொடவே கூடாது. அது மரத்தைக் கொல்லுகிற வேறு பூஞ்சணம். எடுத்த மண்ணைத் துணிப் பையில் ஈரமாகக் கொண்டுவந்து அன்றைக்கே நாற்றுமேடையில் கலந்தோம். கன்றுகள் அதில் ஒரு வருடம் நின்றன. நடுவதற்கு முன் ஒவ்வொரு கன்றின் வேரையும் வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி, கைக்கண்ணாடியால் நுனிகளைப் பார்க்கவேண்டும். அந்த வேலைக்குத்தான் பகல்நேரப் பிரிவில் இருந்து ஆட்கள் வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தியைத் தவமலர் என்று சொல்கிறேன். அது அவளுடைய பெயர் அல்ல. முப்பது வயதைக் கடந்திருப்பாள். வன்னியில் இருந்து பிரான்சுக்குப் போய், அங்கே சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். செவன் கிங்ஸில் அண்ணை குடும்பத்தோடு இருந்தாள். போரின் கடைசி மாதங்களில் அவளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. அவளும் சொல்லவில்லை. பகல்நேரப் பிரிவுத் தாதி என்னிடம் சொன்னதெல்லாம், அவள் பல மாதங்களாக யாரோடும் பேசுவதில்லை, தமிழ் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் நல்லது என்பதுதான்.

நானும் பேசவில்லை. ஒரு கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு என்னுடைய வாளியில் கன்றை அலசினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பல வாரங்கள் அப்படியே போயின. ஒருநாள் அவள் கதிரையை வாளியருகே நகர்த்தி, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கன்றைத் தண்ணீருக்குள் பிடித்தாள். நாங்கள் எல்லாரும் மண்ணை உதறுவோம். அவள் உதறவில்லை. தண்ணீருக்குள் அசைத்து அசைத்து மண் தானாக விட்டுப்போகும்வரை வைத்திருந்தாள். ஒரு நுனிகூட முறியவில்லை. கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இது வேரோ அக்கா, வேற ஏதுமோ?"

நான் திகைத்துப் போனேன். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டும்தான். வேருக்கு மேல அது உறை மாதிரி நிக்குது. மரம் அதுக்குச் சீனி குடுக்கும். அது தண்ணியும் உப்பும் தேடிக் கொண்டந்து மரத்துக்குக் குடுக்கும்."

"குடுக்காட்டி?"

"குடுக்காட்டி மரமும் குடுக்காது."

"அப்ப நியாயம்தான்" என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தாள். மெல்ல மெல்லப் பேசினாள். பெரும்பாலும் வேரைப் பற்றித்தான். சில சமயம் அண்ணையின் பிள்ளைகளைப் பற்றி. ஒருமுறை, பஸ்ஸில் தனியாக வந்ததாகச் சொன்னாள். தாதி அதைக் கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். கன்றுகளை நட்டபோது குழியில் வேரை விரித்து வைப்பது அவள் வேலை. மண் தள்ளுவது என் வேலை. மொய்ரா வந்து பார்ப்பார். தவமலர் வைத்த குழிகளில் அவர் ஒன்றையும் திருப்பிச் செய்ததில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைக் கண்டுவிட்டு, மண் குணமாகிறது, மனமும் குணமாகிறது என்று ஒரு போஸ்டர் அடித்து நடைபாதையில் ஒட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மண்ணுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கு என்ன ஆகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மொய்ரா அந்தப் போஸ்டரைக் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

கன்றுகள் பிடித்துக்கொண்டன. சில ஆண்டுகளில் என் தலைக்கு மேலே போய்விட்டன. ஒரு இலையுதிர் காலத்தில் அவற்றின் அடியில் செம்மண் நிறத்தில் சின்னச் சின்னக் காளான்கள் கிளம்பின. வேரில் இருக்கும் பூஞ்சணம் நன்றாக இருந்தால்தான் அப்படி மேலே வந்து காட்டும். இத்தனை வருட வேலையில் நான் உண்மையாகச் சந்தோசப்பட்ட நாள் அது. அடுத்த வாரமே பாதுகாப்புப் பிரிவில் இருந்து உத்தரவு வந்தது: நோயாளிகள் சாப்பிட்டுவிடக்கூடும், காளான்களை அகற்றவும். மேலே பிடுங்குவதால் கீழே நட்டமில்லை என்று மொய்ரா ஒத்துக்கொண்டார். தவமலர் ஒரு பிளாஸ்ரிக் பேசினில் அவற்றைப் பொறுக்கினாள். பேசினை என்னிடம் தரும்போது சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நான் மொய்ராவிடம் அன்று ஒரு குழி வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெட்டினோம். மண் கறுத்து, உதிர்ந்து, காட்டு மழை வாசத்தோடு இருந்தது. வெள்ளை இழைகள் சிராய்க்குள் ஓடியிருந்தன. வாளித் தண்ணீரை ஊற்றினோம். நாங்கள் உட்காரும் முன்பே அது போய்விட்டது.

கட்டளை வந்தது அதற்கு அடுத்த கோடை தொடக்கத்தில். ஆஸ்பத்திரி புதிய கட்டடம் ஒன்று கட்டப் போகிறது. வேலை வாகனங்களும் பாரந்தூக்கியும் நிற்க இடம் வேண்டும். பின்வளவுதான் இருக்கிறது. தற்காலிகமாகத்தான், முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார் நிர்வாகி. அவர் கெட்டவர் அல்ல. சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவு அது, நோயாளிகள் தூர இடங்களுக்கு அலைகிறார்கள் என்றார். எங்கள் சொந்தத்திலேயே அப்படி அலைகிற ஒருவர் இருந்தார்.

மொய்ரா ஒன்றே ஒன்றைக் கேட்டார். இலை உதிரும்வரை பொறுங்கள். இலையில்லாத காலத்தில் மரங்களை வேரோடு தூக்கி வேறிடத்தில் வைக்கலாம், மண்ணையும் மெல்லச் சீவி எடுக்கலாம். இப்போது தூக்கினால் சாகும். நிர்வாகி கட்டட ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டுவிட்டு வந்து, ஏலாது என்றார். மொய்ரா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் மன்றாடியதை நான் பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நிர்வாகி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பகல்நேரப் பிரிவில் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. தவமலருக்கு நீங்கள் சொன்னால் நல்லது என்றாள் தாதி. கொட்டிலில் அவள் சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"ஆருக்குக் கட்டுகினம்?" என்று கேட்டாள்.

"கிட்னி பழுதான ஆக்களுக்கு."

"அப்ப ஒண்டும் சொல்ல ஏலாது."

மிச்சச் சாடிகளையும் கழுவி அடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எங்களால் முடிந்தவரை மரங்களைத் தோண்டினோம். இலை முழுதாக இருக்கிற மரத்தை வேர் அறுத்துத் தூக்கினால் இலை தண்ணீர் கேட்கும், கொடுக்க வேர் இருக்காது. பெரிய சாடிகளில் வைத்து அறக்கட்டளை வளவில் நிழலில் நிறுத்தினோம். பாதி இலையைக் கத்தரித்தோம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். அந்தக் கோடை நல்ல வெயில். ஒவ்வொன்றாக நுனியிலிருந்து மண்ணிறமாகிக்கொண்டு வந்தது. ஆடி கழிவதற்குள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. மிஞ்சிய சிலவற்றை வைக்க எங்களிடம் நிலம் இல்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். அவை என்ன ஆகின என்று தெரியாது.

இயந்திரம் வந்த காலையில் நாங்கள் போயிருந்தோம். போகவேண்டிய தேவை இல்லை. மொய்ரா போனார், நானும் போனேன். மேல்மண்ணைத் தாழ்வான குவியல்களாகப் போடுங்கள், காற்றுப் போகட்டும் என்று அவர் கேட்டிருந்தார். இடம் போதாது என்று வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரே குவியலாக ஏற்றினார்கள். அப்படி ஏற்றினால் உள்ளே இருப்பது மூச்சுத் திணறிச் செத்துவிடும். நாங்கள் வருடக்கணக்காகச் சேர்த்ததை இயந்திரம் மதியத்துக்கு முன் வழித்து முடித்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது வேலியோரம் தவமலர் நின்றாள். அன்றைக்குக் குழு வேலை இல்லை என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். ஆனாலும் ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். இயந்திரம் நின்றதும் அவள் போய்விட்டாள்.

பிறகு அவள் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவளை மனநல வார்ட்டில் சேர்த்தார்கள். நிலம் போனதால்தான் என்று நான் சொல்லமாட்டேன். டொக்டர்மாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த நாட்களில் மருந்தை மாற்றியிருந்தார்கள். அண்ணைக்கு வேலை போயிருந்தது. வீடு மாறுவதா என்று பேச்சு இருந்தது. எல்லாம் ஒன்றாக வந்தன. நான் பார்க்கப் போனேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு, பார்வையாளர் நேரம் முடியும்வரை இருந்தேன். அவள் திரும்பவில்லை.

புதிய பிரிவு கட்டி முடிந்தது. அது நன்றாக நடக்கிறது. எங்கள் சொந்தக்காரரும் அங்கேதான் போகிறார். பின்வளவை யாரும் திருப்பித் தரவில்லை. வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அதற்குத் தார் போட்டுவிட்டார்கள். குவித்து வைத்த மண்ணை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மொய்ரா அடுத்த வசந்தத்தில் வேலையை விட்டுவிட்டுத் தமக்கையோடு இருக்க ஸ்கொட்லாந்துக்குப் போனார். பிரியாவிடை வைக்க விடவில்லை. ஒருமுறை தொலைபேசியில் பேசும்போது, நாங்கள் எங்கேயாவது பிழை விட்டோமா என்று கேட்டேன். நாங்கள் செய்ததெல்லாம் சரி, ஜெகதீஸ்வரி, ஆனால் அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை என்றார். அவர் இப்போது இல்லை.

நான் அதன் பிறகும் வேலை செய்தேன். வேறு நிலங்கள், வேறு குழிகள். வேரைக் கைக்கண்ணாடியில் பார்க்கும்போது வெள்ளையைக் கண்டால், இது எத்தனை நாளைக்கு என்ற எண்ணம்தான் முதலில் வரும். அந்த எண்ணத்தோடு இந்த வேலையைச் செய்யக்கூடாது. ஆனாலும் ஓய்வுபெறும் வயதுவரை செய்தேன்.

போன மாதம் அறக்கட்டளையில் இருந்து அழைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி மறுபடியும் கேட்டிருக்கிறதாம். கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் தாரை உடைத்து மரம் வைக்கப் போகிறார்கள். முன்பு அங்கே வேலை செய்த நோயாளிகள் யாராவது வந்து முதல் கன்றை வைத்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். தமிழ்ப் பெண் ஒருவர் இருந்தாராமே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன்.

தவமலரின் குடும்பம் ரெய்னர்ஸ் லேனுக்கு மாறியிருந்தது. அண்ணையிடம் கேட்டுவிட்டுப் போனேன். அவளே கதவைத் திறந்தாள். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. மருந்தின் களைப்பு கண்ணில் தெரிந்தது. ஒரு கடையில் காலையில் சாமான் அடுக்கும் வேலை செய்வதாகச் சொன்னாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் விசயத்தைச் சொன்னேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தினை வருசத்துக்குத் தருகினமாம்?"

"அது சொல்லேல்லை."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். இப்போதைக்கு வேற ஒரு திட்டமும் இல்லையாம்."

"அண்டைக்கும் அப்பிடித்தானே சொன்னவை."

நான் தலையாட்டினேன். யன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் அதில நிப்பீங்களோ அக்கா?"

"என்னைக் கூப்பிட்டிருக்கினம். நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."

"என்னாலை ஏலாது" என்றாள். கோபம் இல்லை. "திருப்பிக் கை வைச்சனெண்டால் அது எனக்கு வேணும் எண்டு வந்திடும். எனக்கு இப்ப ஒண்டும் வேண்டாம். அதாலைதான் இருக்கிறன்."

அவள் மறுத்தது சரி என்றும் சொல்ல முடியவில்லை, பிழை என்றும் சொல்ல முடியவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ஸ்ரேசன்வரை கூடவே நடந்து வந்தாள். சனம் நெரிந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் விட்டுவிட்டு, கவனமாகப் போங்கோ என்றாள்.

அடுத்த நாள் அறக்கட்டளையில் இருந்து அழைத்தார்கள். அந்தப் பெண் வீடு மாறிவிட்டாள், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னேன். பரவாயில்லை, வேறு யாராவது ஒருவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அப்படியானால் நீங்களாவது வருவீர்களா என்று கேட்டார்கள். அதற்கும் நான், இல்லை, வரமாட்டேன் என்றேன்.